முறிந்த முனையிலிருந்து

சென்ற ஆண்டின் இரண்டாந் தவணையில் ஒருநாள், உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். தமிழ் மன்றத்தின் சுவர்ப் பத்திரிகைக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று எழுத அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு சொல். பரம்பரையலகுகளைத் தாங்கிய இழைகள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிதாக இணைவதை ஆங்கில நூல்கள் 'ரீகொம்பினேஷன்' என்று வழங்குகின்றன. அதற்கு நல்ல தமிழ் என்ன என்று கேட்டாள். நாம் சற்றும் தயங்கவில்லை. 'மீளச்சேர்தல்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னோம்.

எழுதிக்கொண்டாள், போகவில்லை.

"சேர், மீள எண்டால் முந்தி ஒண்டாய் இருந்தது பிரிஞ்சு பிறகு சேருறது எண்டுதானே வரும்? இது வேற ஒண்டோடையெல்லோ சேருது."

தொல்காப்பியத்தையும் நன்னூலையும் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் பயின்று, சொல்லின் பொருளை ஆராய்வதே தொழிலாகக் கொண்ட எம்மிடம் அக்கேள்விக்கு விடையில்லை. பொருளை அறியாமல் சொல்லை மட்டும் வழங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. உயிரியல் ஆசிரியரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறித் தப்பவும் வழியில்லை. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்று மூன்று தவணைகள் கழிந்திருந்தன. அவரது நாற்காலியில் எவரும் வந்து அமரவில்லை. பிள்ளைகள் பழைய குறிப்புக் கொப்பிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்தெழுதிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வாறாகவே, தமிழாசிரியராகிய நாம் பற்றீரியாவைத் தின்னும் வைரசுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். அவள் எழுத எடுத்திருந்த பொருள் அதுவாக இருந்தது. நகரத்தில் வைத்தியத் துறையில் பணியாற்றும் பழைய நண்பர் ஒருவர் நூல்களைத் தந்துதவினார். ஆறு மாதங்கள் சென்றன. படித்ததை இங்கு எழுதுவதற்குக் காரணம், அப்பொருள் எம்மை ஒரு பிழையிலும் வீழ்த்தி, அப்பிழையிலிருந்து வெளியேயும் எடுத்தது என்பதுதான்.

பற்றீரியாக்களையும் நோய் விடுவதில்லை. 1915ஆம் ஆண்டில் பிரெடெரிக் துவோர்ட் என்னும் ஆங்கிலேயரும், 1917ஆம் ஆண்டில் பாரிசில் பெலிக்ஸ் தெரெல் என்பவரும் தனித்தனியே இவ்வுண்மையைக் கண்டனர். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகளையே கரைத்துவிடும் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் கண்டு, அதற்குப் 'பற்றீரியாவைத் தின்பது' என்று பொருள்படும் பெயரைத் தெரெல் இட்டார். பற்றீரியத்தின்னி என்று நாம் தமிழில் சொல்லலாம். தெரெலின் நண்பர் ஜோர்ஜி எலியாவா 1923இல் ஜோர்ஜிய நாட்டின் திபிலீசி நகரில் அமைத்த ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. எலியாவா 1937ஆம் ஆண்டில், ஸ்டாலினுடைய ஆட்சியின் கொடிய நாள்களில், சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆட்சியைப் போற்றி எழுதிய ஏடுகள் உலகெங்கும் பல இருந்தன. இச்சஞ்சிகையின் வாசகர்கள் எலியாவாவின் பெயரையும் சேர்த்து அறிந்திருத்தல் வேண்டும்.

பற்றீரியத்தின்னிகள் பல வகைப்படும். ஆராய்ச்சியாளர் மிக நுணுகிக் கற்றவற்றுள் ஒன்று ரீ-4 என்பது. மனிதரின் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பற்றீரியாவே அதன் இரை. தலை, வால், கால் போன்ற நார்கள் என்று ஓர் இயந்திரப் பூச்சியின் தோற்றமுடையது. வாலினூடாகத் தன் டி.என்.ஏ. இழையைப் பற்றீரியாவினுள் செலுத்துகிறது. புரதக் கூடு வெளியே நின்றுவிடுகிறது. உட்செல்வது டி.என்.ஏ.யே என்பதை 1952இல் அல்பிரட் ஹேர்ஷியும் மார்த்தா சேஸ் என்னும் இளம் உதவியாளரும் கதிர்த்தொழிற்பாடுள்ள பொசுபரசையும் கந்தகத்தையும் கொண்டு காட்டினர். ஹேர்ஷி 1969இல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவரானார். மார்த்தா சேஸ் அம்மூவரில் இல்லை. உடலுக்குகந்த வெப்பநிலையில் அரைமணி நேரத்துள் பற்றீரியா வெடிக்கும். நூற்றுக்கு மேற்பட்ட புதிய வைரசுகள் வெளிவரும். அதாவது ஏறக்குறைய 1,69,000 எழுத்திணைகள் கொண்ட ஒரு நூல், ஒரு பாடவேளை முடிவதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட படிகளாகிறது.

எமது மாணவியின் கேள்விக்குரிய சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. டி.என்.ஏ. என்பது ஒன்றையொன்று தழுவி எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு இழைகள். அதைப் படியெடுக்கும் நொதியத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. அது ஒரு திசையிலேயே எழுதும். அதோடு, வெற்றிடத்தில் முதலெழுத்தை அதனால் எழுத முடியாது. ஏற்கனவே எழுதப்பட்ட ஒரு சிறு துண்டின் கடைசியிலிருந்து தொடர மட்டுமே அதற்குத் தெரியும். ஆகையால் ஒரு இழை தொடர்ச்சியாகப் படியெடுக்கப்பட, மற்றையது துண்டு துண்டாகப் பின்னோக்கி எழுதப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்கமாக ஆர்.என்.ஏ. என்னும் வேறொரு பொருளால் ஆன சிறு முளை இடப்பட்டு, பின்னர் நீக்கப்படுகிறது. நீக்கிய இடத்தை அடுத்த துண்டு வந்து நிரப்பும். ஆனால் நூலின் கடைசி முனையில் அடுத்த துண்டு ஏது? அவ்விடம் நிரம்பாமலே போய்விடும். ஒரு இழை துணையின்றி வால்போல் நீண்டு நிற்கும். இப்படியே தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தால் நூல் ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே போகவேண்டும். எமது உடலின் நிறமூர்த்தங்களுக்கும் இதே முனைச் சிக்கல் உண்டு. அவை வேறு வழி கண்டுள்ளன. அது தனிக்கதை.

ஓரம் தேய்கிறது என்று படித்தவுடன் எமக்கு நினைவில் வந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த அப்பெரியார் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றியபோது, தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளோடு பட்ட பாட்டைத் தமிழ் பயின்றோர் அறிவர். ஒரு ஏட்டில் முறிந்த வரியை நிறைவாக்க ஒரே வழி, அதே நூலின் மற்றொரு பிரதியைத் தேடி, முறிந்த இடத்துக்கு முன்னுள்ள சொற்கள் அப்பிரதியில் எங்கே வருகின்றன என்று கண்டுபிடித்து, அங்கிருந்து தொடர்ந்து எழுதுவதே. ரீ-4 செய்வதும் ஏறத்தாழ இதுவே என்று அறிந்தபோது நாம் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தோம்.

இன்னொன்றும் உண்டு. ரீ-4இன் டி.என்.ஏ. ஓர் அந்தாதி. அதன் தொடக்கத்தில் உள்ள எழுத்துகள் முடிவிலும் மீண்டும் வருகின்றன. மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இவ்வாறு இருமுறை இடம்பெறும். மேலும், எல்லா வைரசுகளிலும் நூல் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. மண்டலித்து முடியும் அந்தாதியை எந்தச் செய்யுளிலிருந்தும் பாடத் தொடங்கலாம் அல்லவா? அதுபோல ஒன்று முதலாம் பாட்டில் தொடங்கும். மற்றொன்று ஐம்பதாம் பாட்டில் தொடங்கும். ஆகவே ஒன்றின் முனை மற்றொன்றின் நடுப்பகுதி. பல வைரசுகள் ஒரே பற்றீரியாவுட் புகுந்தால், துணையற்று நிற்கும் வால் தன் சொற்களை வேறொன்றின் நடுவிற் காணும். ஒன்றே புகுந்திருந்தால், தன் படியொன்றின் மறுமுனையிற் காணும்.

காண்பது தானாக நிகழ்வதன்று. அதற்கென்று புரதங்கள் இருக்கின்றன. முதலில் 46ஆம், 47ஆம் பரம்பரையலகுகளின் புரதங்கள் இரண்டும் கூடி முனையைச் செதுக்கி ஒற்றை இழை வாலை நீளமாக்குகின்றன. 32ஆம் புரதம் அவ்வாலின்மேற் படிந்து, அது சுருண்டு சிக்குறாமற் காக்கிறது. பின்னர் வருவது யூ.வி.எஸ்.-எக்ஸ் என்பது. அது வாலைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சுருள் போலாகி, ஏ.ரீ.பி. தரும் சக்தியைச் செலவிட்டு, நிகரான வரி எங்குளது என்று மற்ற டி.என்.ஏ.க்களில் தேடுகிறது. ஆனால் முன்னமே படிந்துள்ள 32ஆம் புரதத்தின் இடத்தைப் பிடிப்பது அதற்கு எளிதன்று. இருவருக்கும் இடையில் நின்று இடம் மாற்றிக் கொடுப்பது யூ.வி.எஸ்.-வை என்னும் சிறு புரதம். நிகரான வரி அகப்பட்டதும் வால் அந்த இரட்டை இழையினுள் நுழைந்து, ஒன்றைப் புறந்தள்ளி, மற்றொன்றோடு இணைகிறது. இப்போது அந்த வாலின் நுனியே 'ஏற்கனவே எழுதப்பட்ட துண்டு' ஆகிவிடுகிறது. 59ஆம் புரதம் 41ஆம் புரதத்தை அழைத்து வந்து இழைகளைப் பிரிக்கச் செய்கிறது. படியெடுக்கும் 43ஆம் புரதம் நுனியிலிருந்து எழுதத் தொடங்குகிறது.

படியெடுத்தலும் இழைகள் இணைதலும் வெவ்வேறு அத்தியாயங்கள் என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தன. முந்தியது வாழ்வதற்கு இன்றியமையாதது. பிந்தியது பரம்பரையில் வேறுபாடு உண்டாக்கும் ஓர் உபகாரம் என்பதே பொதுவான எண்ணம். ரீ-4இல் இரண்டும் ஒரே காரியம் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் கிசெலா மோசிக் என்னும் பெண்மணி. 1930இல் ஜேர்மனியிற் பிறந்து, சாக்சனி நாட்டுப்புறத்தில் வளர்ந்து, கிழக்கு ஜேர்மனியை விட்டு வெளியேறி, கொலோன் நகரில் கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தம் வாழ்நாளைக் கழித்தவர், 2003இல் மறைந்தார். 1982இல் தமது சகா ஒருவருடன் அவர் வெளியிட்ட கட்டுரை, ரீ-4 படியெடுத்தலைத் தொடங்குவதற்கு இரண்டு வழிகளைக் கைக்கொள்கிறது என்றது. தொற்றின் முதற் சில நிமிடங்களில், குறித்த சில இடங்களில் ஆர்.என்.ஏ. முளையிலிருந்து தொடங்குகிறது. பின்னர் அவ்வழி அடைபட, இணைதல் வழியே எல்லாம் நடக்கிறது. பழைய தொடக்க இடங்களிலுள்ள ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து அவ்வழியை அடைப்பதும் ஒரு புரதமே. அதன் பெயர் யூ.வி.எஸ்.-டபிள்யூ.

46ஆம் அல்லது 47ஆம் பரம்பரையலகோ, யூ.வி.எஸ்.-எக்சோ கெட்டுப்போன விகாரிகளில் டி.என்.ஏ. ஆக்கம் ஒழுங்காகத் தொடங்கிச் சில நிமிடங்களில் நின்றுவிடுவதைக் கண்டிருந்தார்கள். தொடங்கத் தெரிந்தது ஏன் தொடரத் தெரியாமற் போகவேண்டும் என்ற புதிருக்கு இதுவே விடையாயிற்று.

இவ்வாறு முனைகள் ஒன்றுள் ஒன்று நுழைந்து, நுழைந்த இடத்தில் புதுப்படிகள் கிளைக்க, பற்றீரியாவின் உள்ளே சிக்குண்ட மீன்வலை போன்ற ஒரு திரள் உருவாகிறது. 49ஆம் புரதம் அதன் கிளைச் சந்திகளை வெட்டி நேராக்கும். தலைகளில் நிரப்பும் பொறி, தலை நிரம்பும்வரை இழையை உள்ளிழுத்து, நிரம்பியதும் நறுக்கும். தலையின் கொள்ளளவு நூலின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். அதனாற்றான் ஒவ்வொன்றும் அந்தாதியாகிறது, ஒவ்வொன்றும் வேறிடத்தில் தொடங்குகிறது. நூலின் அமைப்பே அது படியெடுக்கப்படும் முறையின் விளைவு. லம்டா முதலிய வேறு பற்றீரியத்தின்னிகளுக்கு வேறு இணைப்புப் புரதங்கள் உள்ளன. லம்டாவின் புரதங்களை 1998 முதல் ஆய்வுகூடங்களில் பற்றீரியாவின் பரம்பரையலகுகளைத் திருத்தும் கருவியாகவே பயன்படுத்துகிறார்கள்.

இனி எம் பிழையைச் சொல்லவேண்டும்.

இவற்றையெல்லாம் அறிந்த பெருமிதத்தோடு தமிழ் மன்றக் கூட்டத்தில் நாம் ஓர் உரை நிகழ்த்தினோம். சல்வடோர் லூரியாவைப் பற்றி அதில் விரிவாகச் சொன்னோம். லூரியா தூரின் நகரத்து யூதர். 1938இல் இத்தாலியைவிட்டுப் பிரான்சுக்குப் போய், 1940இல் அமெரிக்காவை அடைந்தவர். சோசலிசவாதி. அக்காரணத்தால் 1952இல் அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தவர். ஹேர்ஷியோடும் மக்ஸ் டெல்பிறூக்கோடும் நோபல் பரிசு பெற்ற 1969ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் கறுப்புப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது வெளியாயிற்று. அவர் 1947இல் கண்ட ஓர் உண்மை வியப்புக்குரியது. புறவூதாக் கதிரால் கொல்லப்பட்ட வைரசு ஒன்று தனித்துப் பற்றீரியாவுட் புகுந்தால் எதுவும் நிகழாது. அவ்வாறு கொல்லப்பட்டவை பல ஒன்றாகப் புகுந்தால் உயிருள்ள சந்ததி வெளிவரும். ஒன்றின் பழுதுபட்ட பகுதியை மற்றொன்றின் பழுதுபடாத பகுதி ஈடுசெய்கிறது. யூ.வி.எஸ். என்னும் பெயரே, அப்பரம்பரையலகுகள் கெட்டால் வைரசு புறவூதாக் கதிருக்கு எளிதில் மடியும் என்பதைக் குறிப்பதுதான்.

இவ்வளவில் நின்றிருக்கலாம். நாம் நிற்கவில்லை. தனித்து நின்றால் மடிவன கூடி நின்றால் வாழும். முறிந்த ஒன்று தன் தோழனிடம் சென்று நிறைவு பெறும். தோழமையே இயற்கையின் நியதி என்று இந்நுண்ணுயிர் எமக்கு உரைக்கிறது என்று குரலை உயர்த்தி முடித்தோம். கைதட்டல் பலமாகவே இருந்தது.

கூட்டம் கலைந்தபின் அந்த மாணவி வந்தாள். கொப்பியைத் திறந்து வைத்திருந்தாள்.

"சேர், அந்த 46ஆம், 47ஆம் புரதங்கள்தான் பற்றீரியாவின்ரை டி.என்.ஏ.யையும் அரிச்சுத் துளாக்கிறது எண்டு இதிலை கிடக்கு. அதுக்கு என்ன பேர் சொல்லுவியள்?"

புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அவள் சொன்னது சரியே. ரீ-4 புகுந்ததும் பற்றீரியாவின் சொந்த டி.என்.ஏ. வெட்டப்படுகிறது, வெட்டுண்டதை மேலும் அரித்துத் தனியெழுத்துகளாக்க 46உம் 47உம் வேண்டும், அவ்வெழுத்துகளைக் கொண்டே வைரசு தன் படிகளை எழுதுகிறது. தன்னுடைய டி.என்.ஏ. அவ்வாறு அரியுண்ணாதபடி, அதன் எழுத்துகளில் ஒன்றை வேறு வடிவத்தில் எழுதி, அதன்மேற் சர்க்கரையும் பூசி வைத்திருக்கிறது. ஒரே புரதச் சோடி ஓரிடத்தில் முனையைத் தயார்செய்யும் உதவியாள். மற்றோரிடத்தில் வீட்டுக்காரனின் ஏடுகளைக் கிழித்துக் கூழாக்கும் கொள்ளைக்காரன். தோழமை என்று முழங்கிய நாம் இதற்கு என்ன பெயரிடுவது? சுரண்டல் என்றா? அதுவும் அதே பிழைதான். புரதத்துக்கு இரண்டும் தெரியாது.

இப்பிழை எம்முடையது மட்டுமன்று. சமுதாயத்தைத் திருத்த விழைவோரை அடிக்கடி பிடிக்கும் நோய் அது. 1948இல் மொஸ்கோவில் லைசென்கோவின் கட்சி வென்று, பரம்பரையலகு என்பதே முதலாளித்துவக் கற்பனை என்று தள்ளப்பட்டது; அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, பயிர்களின் பரம்பரையை உலகெல்லாம் சென்று தேடித் தொகுத்த வாவிலோவ் சிறையில் மடிந்துபோயிருந்தார். இயற்கை தம் கொள்கைக்குச் சாட்சி சொல்லவேண்டும் என்று அதிகாரத்தில் இருந்தோர் விரும்பினார்கள். எமது கையில் அதிகாரம் இல்லை. ஒலிவாங்கி மட்டுமே இருந்தது. மனிதர் ஒருவரோடொருவர் தோழமை பூணவேண்டும் என்பதற்கு வைரசின் சான்று எதற்கு? அதற்கு மனிதரின் துன்பமே போதிய காரணம். லூரியா சோசலிசவாதியானது தம் வைரசுகளைப் பார்த்தன்று.

ஆனால் இந்த அறிவுக்கும் எம் வாழ்க்கைக்கும் தொடர்பே இல்லை என்று இனி எம்மாற் சொல்ல முடியாது. யூ.வி.எஸ்.-எக்சுக்கு ஒத்த புரதம் ஈ. கோலியில் ரெக்-ஏ என்றும், மனித உடலில் ராட்-51 என்றும் வழங்குகிறது. எமது உயிரணுக்களில் டி.என்.ஏ. முறியும்போது ராட்-51 முறிந்த முனையில் அடுக்கி, நிகரான வரியைத் தேடிப் பழுதுபார்க்கிறது. அதை உரிய இடத்தில் அமர்த்தும் இடையாளின் பெயர் பி.ஆர்.சி.ஏ.-2. யூ.வி.எஸ்.-வை ரீ-4இற் செய்வதைப் போன்ற வேலை அது. பி.ஆர்.சி.ஏ.-2இன் பரம்பரையலகு 1995இல் இனங்காணப்பட்டது. அது பழுதாகப் பிறந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் வரும் அபாயம் மிக அதிகம்.

எமது சின்னம்மா மார்பகப் புற்றுநோயால் இறந்தார். கட்டியை உணர்ந்து ஓராண்டுக்கு மேலாக ஒருவருக்கும் சொல்லாமல் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு வெட்கம், சொன்னால் பெண்பிள்ளைகளின் விவாகம் தடைப்படும் என்ற அச்சம். அறிந்தபின் உறவினர் முற்பிறப்பு வினை என்றார்கள். யாரோ செய்வினை என்றார்கள். அவரது நோய் பரம்பரையாக வந்ததா என்பதை அறிய வழியில்லை. பெரும்பான்மையான மார்பகப் புற்றுநோய்கள் அவ்வாறு வருவனவல்ல. ஆயினும், பழுதுபார்க்கும் புரதம் ஒன்று பழுதாவதால் இந்நோய் வரவுங்கூடும் என்று அன்று அந்த வீட்டில் எவரேனும் தமிழிலே, வெட்கமின்றிச் சொல்லியிருந்தால், அவருடைய மகள்மார் இன்றும் அதைப் பேசாமல் இருக்கமாட்டார்கள். சென்ற மாதம் மூத்தவளிடம் நாம் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்தியரிடம் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுபடியும் போய்ச் சொல்லவேண்டும்.

சுவர்ப் பத்திரிகைக் கட்டுரை ஒருவாறு வெளிவந்தது. 'மீளச்சேர்தல்' என்பதை அவள் ஏற்கவில்லை. 'மாறிணைதல்' என்று எழுதியிருந்தாள். இலக்கணப்படி அதில் எமக்கு ஒரு சிறு தடை உண்டு, சொல்லவில்லை. அவள் பல்கலைக்கழகம் புகுந்தால் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலேதான் கேட்பாள். இச்சொல் அங்கே அவளுக்குப் பயன்படாது. ஆனால் அவளுக்குப் பின் வரும் வகுப்பில் ஏழு பேர் அதே சொல்லைத் தம் கொப்பிகளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உயிரியல் ஆசிரியர் இன்னும் வரவில்லை. வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்டபின் அவ்வேழு பேரோடும் நாம் உட்காருகிறோம். தெரியாததை அவர்களோடு சேர்ந்து வாசிக்கிறோம். இந்த வாரம் லம்டா.